பத்துமலைக்கு அப்பால் ஒரு தம்புசாமிப் பிள்ளை



காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பத்துமலைதான். அக்குகையில் முருக வழிபாடு தோன்றக் காரணமானவர், கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தை உருவாக்கியவர் என்று நம் பிள்ளைகள் மேடையில் ஏறி ஒப்பிக்கிறார்கள். மகிழ்ச்சியே. ஆயினும் அவர் எவ்வாறு பொருள் ஈட்டினார் என்று நான் வகுப்பில் வினவினால் எவரும் வாய் திறப்பதில்லை. அவர் ஓர் ஈயச் சுரங்க முதலாளி. காடாய்க் கிடந்த சிலாங்கூரில் மண்ணை அகழ்ந்து செல்வம் கண்டவர்.

அந்தக் காடு எத்தகையது என்பதை அறிய நம் மலாக்காவிலிருந்தே தொடங்கலாம். 1857ஆம் ஆண்டு சிலாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த இராஜா அப்துல்லா, மலாக்காச் சீன வணிகர்களிடம் 30,000 வெள்ளி கடன் பெற்று, 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே அம்பாங்கிற்கு ஈயம் தேட அனுப்பினார். ஒரு மாதத்திற்குள் அவர்களுள் 69 பேர் மாண்டனர்; மலேரியாக் காய்ச்சல் அவர்களை வாரிச் சென்றது. ஆயினும் மேலும் ஆட்கள் அனுப்பப்பட்டனர், ஈயமும் கிடைத்தது. கோலாலம்பூர் என்னும் நகரம் அப்படித்தான் பிறந்தது. தலைநகரின் அடித்தளத்தில் மலாக்காப் பணம் கிடக்கிறது என்று நான் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்!

தம்புசாமியார் 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். இராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் கற்றுத் தேர்ந்து, டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் எழுத்தராகப் பணியாற்றினார். 1875இல் அந்த டேவிட்சன் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக நியமனம் பெற்றபோது, இவரும் உடன் கிள்ளானுக்கு வந்தார். வயது இருபத்தைந்து. கருவூலத்தில் தலைமை எழுத்தராக அமர்ந்து, பின்னாளில் தற்காலிகக் கருவூல அதிகாரியாகவும் பொறுப்பு வகித்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் ஓர் ஆசியர் கருவூலச் சாவியைக் கையில் வைத்திருந்தது சிறிய செய்தியன்று.

நிலையான ஊதியமும் மதிப்பும் தந்த அந்தப் பதவியை அவர் துறந்தார். அரசுப் பணியே பெரும்பேறு எனப் பிள்ளைகளுக்கு நாம் ஓதிவருகிறோம் அல்லவா? (நானும் அரசு ஊதியம் பெறுபவன்தான்.) அவரோ லோக் யூ என்னும் சீனச் செல்வருடன் கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் ஈயம் தோண்டப் புறப்பட்டார்.

அக்காலச் சுரங்கம் என்பது திறந்த பெருங்குழி. மேல்மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து அகற்றி, ஈயம் கலந்த மணலை ஓடும் நீரில் அலசுவார்கள். கனமான ஈயத்தாது அடியில் தங்கும், மணல் அடித்துச் செல்லப்படும். அலசுவதற்கு நீர் வேண்டும். ஆனால் அதே நீர் குழியில் ஊறி நிறைந்துவிட்டால் வேலை நின்றுபோகும். ஆழம் செல்லச் செல்ல ஊற்றும் மழையும் குழியை நிரப்பும். ஆகவே, நீரை இறைக்க வல்லவனே ஆழத்து ஈயத்தை எடுக்க வல்லவன். இவ்விருவரும் இதற்கு மின்சாரத்தை நாடினார்கள். 1894இல் ரவாங்கில் அவர்கள் நிறுவிய மின்னாக்கியே மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதற்கான முதற்பதிவு என்பர். கோலாலம்பூர் இரயில் நிலையத்திற்கு மின்சாரம் மறு ஆண்டுதான் வந்தது. நாட்டின் மின்சார வரலாற்றின் முதற்பக்கத்தில் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது. அறிவியல் பாடத்தில் இதனைச் சொல்ல நமக்கு ஏன் தோன்றவில்லை?

1893இல் விக்டோரியா கல்விக்கூடம் தொடங்கப்பட்டபோதும் அதன் புரவலர்களுள் ஒருவராக அவர் இருந்தார். பத்துமலையில் தைப்பூசம் தொடங்கியதும் (1892) இதே ஆண்டுகளில்தான். குகைக் கோவிலும் சுரங்கமும் பள்ளியும் ஒரே மனிதரின் ஒரே காலத்துப் பணிகள். அவற்றுள் ஒன்றை மட்டுமே நாம் நினைவில் வைத்துக்கொண்டோம்.

இனி, சற்று உறுத்தலான பகுதி. இரயில் பாதை, பொதுப்பணி ஆகியவற்றுக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்களை வரவழைத்ததிலும் தம்புசாமியாருக்குப் பங்குண்டு. அவ்வாறு வந்த எளியோரின் கடனும் காய்ச்சலும் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தெரியாதவையல்ல. அவருடைய கூட்டாளி லோக் யூ, அபினி, சாராயக் குத்தகைகளாலும் செல்வம் சேர்த்தவர். சுரங்கத் தொழிலாளியின் கூலி அபினிக் கடையிலேயே முதலாளி வர்க்கத்திடம் திரும்பிச் சென்ற காலம் அது. பெருமைக்குரியவரைப் பற்றிப் பேசும்போது இதனை மறைக்க வேண்டுமென்று சிலர் கருதலாம். நான் மறைப்பதில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்களால் இரண்டையும் ஒருசேரப் புரிந்துகொள்ள முடிகிறது. சில வேளைகளில் பெரியவர்களைவிட நன்றாகவே.

அவர் 1902இல் சிங்கப்பூரில் மறைந்தார். மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் இரப்பர்க் கன்றுகளை நட்டது 1896இல். நம் தாத்தா பாட்டிமாரைப் பால் மரத்தடிக்கு அழைத்து வந்த பெருவெள்ளம் அதற்குப் பின்னரே பெருகியது. ஆகவே தோட்டத்து நினைவுகளில் சுரங்கத் தமிழருக்கு இடமில்லாமற் போனதில் வியப்பில்லை.

மாணவர்களைப் பத்துமலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், பேருந்தை இன்னும் சற்று வடக்கே ரவாங் வரை செலுத்தச் சொல்லுங்கள். மதிய உணவை அங்கே வைத்துக்கொள்ளலாம். அந்த மண்ணைக் காட்டியபடியே கதையையும் சொல்லலாம்.