மனவடுவும் குளிர்த்தியும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் நிகழ்ந்த 1860களில், பிலடெல்பியா நகரத்து இராணுவ வைத்தியசாலையொன்றிற் கடமையாற்றிய யாக்கோப் டா கொஸ்தா என்னும் வைத்தியரிடம் இளம் போர்வீரர் பலர் ஒரே முறைப்பாட்டுடன் வந்தனர். நெஞ்சு படபடக்கின்றது; மூச்சு முட்டுகின்றது; சிறிது நடப்பினும் களைக்கின்றது. சோதித்துப் பார்த்தாலோ, அவருட் பலரது இருதயத்திற் பழுதெதுவும் காணப்படவில்லை. அத்தகையோர் 300 பேரை ஆராய்ந்து 1871இல் அவர் வெளியிட்ட கட்டுரை மருத்துவ வரலாற்றிற் பெயர்பெற்றது. ஆயினும், கடும் நடையிலும் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலுமே அவர் பெரிதும் காரணந் தேடினார். அவ்விளைஞர் போர்க்களத்திற் கண்ட காட்சிகள் அவர் கணக்கில் முதன்மை பெறவில்லை. இத்தகைய துன்பத்துக்கு அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனிப்பெயரிட்டுத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது 1980ஆம் ஆண்டிலேதான்.

நம் நாட்டிலும் இதனையே கண்டோம். யாழ்ப்பாணத்திற் போர்க்காலத்திற் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். நோயாளர் தம் துயரத்தை மனத்தின் நோயென்று சொல்லி வருவது அரிது. தலையிடி, நெஞ்சு நோ, கைகால் உளைவு, பெருமூச்சு, ஓயாத யோசனை என்றே சொல்லி வருவர். இவற்றைப் பாசாங்கென்று தள்ளுதல் பெருந்தவறு. ஆபத்து வேளையில் உடலைத் தயார்செய்யும் சுரப்புகள் ஆபத்து நீங்கியதும் தணிதல் வேண்டும். அவை ஆண்டுக்கணக்கில் தணியாதிருப்பின் குருதியமுக்கம் ஏறும், நித்திரை கெடும், இருதய நோய்க்கும் வழி திறக்கும். ஆகவே, நெஞ்சு நோவென்று வருபவரின் இருதயத்தையும் சோதித்தேயாக வேண்டும். நேர்த்திக்கடனொன்றே போதுமென்று அவரைக் கோயில் வாசலில் இருத்தி வைப்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை.

ஆயினும் அவ்வாசலை வைத்தியரும் புறக்கணிக்கவில்லை. மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியாக இந்துக்களுக்குப் பிரணவத்தையும், கத்தோலிக்கருக்குச் செபமாலையையும், முஸ்லிம்களுக்குத் திக்ரையும், பௌத்தருக்குச் சரண மொழியையும் அவரவர் வழக்கப்படி உச்சரிக்கச் சோமசுந்தரம் பரிந்துரைத்தார். அறிந்த சொல்லன்றோ நாவில் எளிதிற் படியும்!

மட்டக்களப்புப் பக்கம் செல்வோம். அங்குள்ள கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசி மாதத்திற் குளிர்த்திச் சடங்கு நடைபெறும். கணவனை அநியாயமாக இழந்து மதுரையை எரித்த ஒரு பெண்ணின் வெம்மையைத் தணிப்பதே அதன் கருத்து. 1990இன் பின் அம்மாவட்டத்திற் பிள்ளைகளையும் கணவரையும் பறிகொடுத்த பெண்களுக்கு இத்தெய்வம் அந்நியமாகத் தோன்றியிராது. அக்காலத்தில் அங்கு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பத்திரிசியா லோறன்ஸ், காளி முதலிய அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்போர் தொகையும் நேர்த்தி வைத்துத் தீமிதிப்போர் தொகையும் பெருகியதைப் பதிவு செய்தார்.

வெளியே வாய் திறந்து கேட்க அஞ்சிய கேள்வியை அங்கே கேட்கலாம்: "என்ர பிள்ளை இருக்கிறானா, இல்லையா?" தெய்வமேறிய நிலையில் வாக்குச் சொல்லுவோர், காணாமற்போனவர் பட்ட அடியின் நோவைத் தம் உடலில் உணர்ந்து அலறியதுமுண்டு. சொல்ல இயலாதிருந்த செய்தி ஊரார் முன்னிலையில் ஓருடம்பின் வழியாக வெளிப்பட்டது. அதனை மருத்துவமென்பதா, சமயமென்பதா என வாதிடுவோர் வாதிடட்டும்.

ஆனால் இத்துயரத்துக்கு ஒரு தனிச் சிக்கலுண்டு. உடல் கிடைத்தால் எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்து அழுது தீர்க்கலாம். உடல் கிடையாதவிடத்து அக்கிரியைகள் தொடங்குவதே இல்லை. "இல்லை" என்ற வாக்குப் பெற்றவர் கிரியைக்கு நாள் குறித்தனர். "இருக்கிறான்" என்ற வாக்குப் பெற்ற மனைவியோ பொட்டை அழிக்காமல் வீடு திரும்பினாள்; அடுத்த சடங்குக்கு மீண்டும் வந்து அதே கேள்வியைக் கேட்டாள்.