போலி வணிகச்சின்னப் பொருட்களை வாங்குதலின் அறவியல்

போலி வணிகச்சின்னப் பொருட்களை வாங்குதலின் அறவியல் என்பது, ஒரு நிறுவனத்தின் அல்லது ஓர் ஊரின் பெயரைப் பொய்யாகத் தாங்கி வரும் பொருளை ஒருவர் வாங்குவது சரியா, தவறெனில் எவ்வளவு தவறு என்பதை ஆராயும் அறவியல் சிக்கல் ஆகும். இது நுகர்வோர் அறவியலின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது. மேலைநாடுகளில் இவ்விவாதம் பெரும்பாலும் விலை உயர்ந்த கைப்பை, கைக்கடிகாரம், குளிர்க்கண்ணாடி முதலியவற்றைச் சுற்றி அமைகிறது. தமிழ்நாட்டில் இதே கேள்வி காஞ்சிபுரம் பட்டு, திண்டுக்கல் பூட்டு, பழனி பஞ்சாமிர்தம் போன்ற ஊர்ப்பெயர் தாங்கிய பொருட்களுக்கும் பொருந்தும். இக்கட்டுரை பொது வாதங்களைத் தொகுத்தபின், ஒட்டன்சத்திரத்தைச் சூழ்ந்துள்ள பழனி மலைப் பகுதியின் பொருட்களை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

வரையறை

அன்றாடப் பேச்சில் "டூப்ளிகேட்" என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுபவற்றுள் மூன்று வேறுபட்ட வகைகள் உள்ளன.

1. போலி: மற்றொருவரின் பெயரையோ சின்னத்தையோ அவர் இசைவின்றி ஒட்டி விற்கப்படும் பொருள். பொருளின் தரம் நன்றாக இருந்தாலும் பெயர் பொய்யானது என்பதால் அது போலியே.

2. போன்மை: உயர்ந்த பொருளின் தோற்றத்தை ஒத்திருந்தும், தன் சொந்தப் பெயரிலேயே விற்கப்படும் மலிவுப் பொருள். வடிவமைப்புக்கு எனத் தனி உரிமை பதியப்பட்டிராதபோது இது பொதுவாகச் சட்டத்துக்கு உட்பட்டதே.

3. மிகுதிச் சரக்கு: ஏற்றுமதி ஆணைக்காகத் தைக்கப்பட்டு, எஞ்சியோ சிறு குறையால் கழிக்கப்பட்டோ உள்ளூர்ச் சந்தைக்கு வரும் பொருள். திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தை இத்தகைய ஆடைகளுக்குப் பெயர் பெற்றது. துணியும் தையலும் உண்மையான பொருளினுடையவையே. சின்னத்தை நீக்கியோ உரிமையாளரின் இசைவுடனோ விற்றால் சிக்கல் இல்லை. இசைவின்றிச் சின்னத்துடன் விற்றால் உரிமை மீறல் எழுகிறது.

வாங்குபவரின் அறிவைக் கொண்டும் ஒரு பிரிவு செய்யப்படுகிறது. ஜீன் கிராஸ்மன், கார்ல் ஷாப்பிரோ ஆகிய பொருளியலாளர்கள் 1988 இல் வெளியிட்ட கட்டுரைகளில், வாங்குபவரை ஏமாற்றும் போலி, ஏமாற்றாத போலி என இரண்டாகப் பிரித்தனர். நடைபாதையில் சில நூறு ரூபாய்க்கு ரோலக்ஸ் கடிகாரம் வாங்குபவர் ஏமாறுவதில்லை. கோயில் வாசலில் பஞ்சாமிர்தம் வாங்குபவர் ஏமாறக்கூடும்.

சட்ட நிலை

உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை (டிரிப்ஸ்) 1995 இல் நடைமுறைக்கு வந்தது. வணிக அளவில் வேண்டுமென்றே செய்யப்படும் சின்னப் போலியைக் குற்றமாக்க வேண்டும் என்று அது உறுப்பு நாடுகளைக் கோருகிறது. அதே வேளையில், பயணிகளின் சொந்தப் பெட்டியில் வரும் சிறு அளவிலான பொருட்களுக்கு எல்லைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கவும் இடம் தருகிறது.

இந்தியாவில் வணிகச்சின்னங்கள் சட்டம், 1999, புவிசார் குறியீடுகள் சட்டம், 1999 ஆகிய இரண்டும் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளன. பொய்ச்சின்னம் இடுவோருக்கும், அத்தகைய பொருளை விற்போருக்கும், விற்பதற்காக வைத்திருப்போருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இவை வழி செய்கின்றன. தன் பயன்பாட்டுக்காக ஒன்றை வாங்குபவர் இப்பிரிவுகளுக்குள் வருவதில்லை. சில நாடுகளில் நிலை வேறு. இத்தாலி 2005 இல் வாங்குபவருக்கே தண்டம் விதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரான்சில் போலிப் பொருளை வைத்திருப்பதே குற்றமாகும்.

இந்தியச் சட்டம் வாங்குபவரைத் தண்டிக்காததால், இங்கு அவருடைய பொறுப்பு பெரிதும் அறவியல் சார்ந்ததாகவே எஞ்சுகிறது.

வாங்குவதற்கு ஆதரவான வாதங்கள்

* ஆடம்பரப் பொருளின் விலை அதன் உற்பத்திச் செலவைவிடப் பன்மடங்கு மிகுதி. கூடுதல் விலை பெயருக்காகவே தரப்படுகிறது. அதைத் தர மறுப்பது தவறாகாது.
* போலியை வாங்குபவர் பெரும்பாலும் அசலை வாங்கும் வசதி இல்லாதவர். எனவே நிறுவனம் ஒரு விற்பனையை இழந்ததாகக் கொள்ள முடியாது.
* விற்பவரும் வாங்குபவரும் உண்மையை அறிந்திருப்பதால் இருவருக்குமிடையே ஏமாற்று இல்லை.
* நடைபாதை வணிகம் எளியோரின் பிழைப்பு. சென்னை பர்மா பசார், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக 1960களில் உருவான சந்தையாகும். அங்கு விற்கப்படுவன யாவும் போலி அல்ல. ஆயினும் இத்தகைய சந்தைகளில் வாங்குவோர் பலர் இவ்வாதத்தை முன்வைப்பர்.

எதிரான வாதங்கள்

* விற்பவர் வாங்குபவரை ஏமாற்றாவிட்டாலும், வாங்கியவர் அதைப் பிறர் முன் அசல்போல் அணியும்போது ஏமாற்று அடுத்தவருக்குக் கைமாறுகிறது.
* போலித் தொழிலுக்குக் கணக்கோ வரியோ தொழிலாளர் பாதுகாப்போ இருப்பதில்லை. விலை குறைவின் ஒரு பகுதி அங்கு வேலை செய்பவரின் கூலியிலிருந்து வருகிறது.
* பாதுகாப்புக் கேடு. புறஊதாக் கதிரைத் தடுக்காத கருங்கண்ணாடி கண்ணுக்குத் தீங்கானது. பொய்யான ஐ.எஸ்.ஐ. முத்திரை ஒட்டிய தலைக்கவசம் விபத்தில் உயிரைக் காக்காது. இந்தியாவில் 2021 சூன் 1 முதல் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரை பெற்ற தலைக்கவசங்களை மட்டுமே இருசக்கர வாகன ஓட்டிகளுக்காக விற்கலாம்.
* பெயர் என்பது உழைப்பால் சேர்ந்த நம்பிக்கை. அதை இரவல் வாங்கிக்கொண்டு இழிவான பொருளுக்கு ஒட்டினால், அசலைச் செய்தவரின் சொல்லும் மதிப்பிழக்கிறது.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் வணிகரின் நேர்மையைப் பேசுகிறது. அவ்வறிவுரை விற்பவரை நோக்கியது. வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு என்ற கருத்து தற்கால நுகர்வோர் அறவியலில் விரிவாகப் பேசப்படுகிறது.

ஆய்வுகள்

பொருளியல் ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகமும் 2025 இல் வெளியிட்ட அறிக்கை, 2021 இல் உலகப் போலிப் பொருள் வணிகம் ஏறத்தாழ 467 பில்லியன் அமெரிக்க டாலர் எனவும், இது உலக இறக்குமதியில் 2.3 விழுக்காடு எனவும் மதிப்பிட்டது. சுங்கத்தில் பிடிபட்ட பொருட்களைக் கொண்டு கணிக்கப்படுவதால் இத்தகைய எண்களைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

சீனக் காலணித் தொழிலை ஆராய்ந்த யி சியென் 2014 இல் வெளியிட்ட முடிவு அறவியல் நோக்கில் முக்கியமானது. போலிகள் உயர்விலைக் காலணிகளுக்கு ஒருவகை விளம்பரமாக அமைந்து அவற்றின் விற்பனைக்கு உதவின. குறைந்த விலைக் காலணிகளின் விற்பனையையோ குறைத்தன. அதாவது, "பெரிய நிறுவனத்துக்கு இதனால் என்ன நட்டம்" என்ற வாதம் ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் அதே வாதத்தைச் சிறிய உற்பத்தியாளருக்கு நீட்டிக்க இயலாது.

பிரான்செஸ்கா ஜினோ, மைக்கேல் நார்ட்டன், டான் ஆரியலி ஆகியோர் 2010 இல் வெளியிட்ட உளவியல் ஆய்வில், தாம் அணிந்திருப்பது போலிக் கண்ணாடி என்று நம்பவைக்கப்பட்டவர்கள், பின்னர் தரப்பட்ட பணிகளில் கூடுதலாக ஏமாற்றினர் எனக் கூறப்பட்டது. இவ்வாய்வாளருள் இருவர் பங்கேற்ற வேறொரு கட்டுரை தரவுச் சிக்கலால் 2021 இல் திரும்பப் பெறப்பட்டது. எனவே இம்முடிவை எச்சரிக்கையுடன் அணுகுவது நன்று.

பழனி மலைப் பகுதி

ஒட்டன்சத்திரம் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், திண்டுக்கல்–பழனி சாலையில் உள்ள நகரம். இதன் காய்கறிச் சந்தை தமிழ்நாட்டின் பெரிய சந்தைகளுள் ஒன்று. கேரளத்துக்குப் பெருமளவில் காய்கறி இங்கிருந்து செல்கிறது. இந்நகரைச் சுற்றிப் புவிசார் குறியீடு பெற்ற பொருட்கள் பல உள்ளன.

விருப்பாச்சி மலைவாழை: ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள விருப்பாச்சியின் பெயரால் அழைக்கப்படும் இவ்வாழை, கீழ்ப்பழனி மலையில் விளைவது. முடிக்கொத்து நோயால் இதன் பரப்பு வெகுவாகக் குறைந்தது. விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரு மலைவாழைகளும் 2008-09 இல் புவிசார் குறியீடு பெற்றன. விளைச்சல் அரிதானபின் வேறு வாழையை இப்பெயரில் விற்கும் தூண்டுதல் இயல்பாகவே மிகுகிறது.

பழனி பஞ்சாமிர்தம்: வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் முதலியவற்றால் செய்யப்படுவது. நீர்ச்சத்துக் குறைந்த மலைவாழை இதற்கு மரபாகப் பயன்பட்டது. 2019 இல் புவிசார் குறியீடு பெற்றது. தனியார் தம் சொந்தப் பெயரில் பஞ்சாமிர்தம் செய்து விற்பதும், தேவத்தானத்தின் பெயரையோ உறையையோ ஒத்து விற்பதும் அறவியல் நோக்கில் ஒன்றல்ல. பின்னதில் இழப்பது பணம் மட்டுமன்று. பத்தர் அதை வழிபாட்டின் பகுதியாக வாங்குகிறார்.

கொடைக்கானல் மலைப்பூண்டு: கொடைக்கானல் மேல்மலைச் சிற்றூர்களான பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலியவற்றில் விளைந்து, தேனி மாவட்டத்தின் வடுகபட்டிச் சந்தை வழியாகப் பெரிதும் விற்பனையாவது. 2019 இல் குறியீடு பெற்றது. உரித்துக் குவித்த பூண்டில் ஊரை அடையாளம் காண்பது வாங்குபவருக்குக் கடினம். அவர் நம்புவது விற்பவரின் சொல்லை மட்டுமே.

திண்டுக்கல் பூட்டு: கையால் செய்யப்படும் இப்பூட்டுகளுள் மாங்காய்ப் பூட்டு பெயர் பெற்றது. இதுவும் 2019 இல் குறியீடு பெற்றது. இயந்திரத்தில் செய்யப்படும் அலிகார் பூட்டுகளின் விலைப் போட்டியால் இத்தொழில் நலிந்தது. அலிகார் பூட்டை அதன் பெயரிலேயே வாங்குவது நேர்மையான தெரிவு. அதே பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என விற்றால், எஞ்சியுள்ள கைவினைஞர் விலையில் தோற்றபின் பெயரையும் இழக்கின்றனர்.

சின்னாளப்பட்டுச் சேலை: போன்மைக்கும் போலிக்கும் உள்ள வேறுபாட்டை இது தெளிவாகக் காட்டுகிறது. திண்டுக்கல்–மதுரைச் சாலைப் பகுதியிலுள்ள சின்னாளப்பட்டியில் செயற்கைப் பட்டு இழையால் நெய்யப்பட்ட சேலைகள், அசல் பட்டு வாங்க இயலாத குடும்பங்களிடையே பெரும் வரவேற்புப் பெற்றன. பட்டின் பளபளப்பு இருந்தும் அவை "சின்னாளப்பட்டு" என்ற தம் பெயரிலேயே விற்கப்பட்டன. ஏழையின் அழகு விருப்பத்தை நிறைவேற்றப் பொய்ப்பெயர் தேவையில்லை என்பதற்கு இதுவே சான்று.

காஞ்சிபுரம் பட்டு

தமிழ்நாட்டில் போலிக்கு மிகுதியாக ஆளாகும் பெயர்களுள் ஒன்று காஞ்சிபுரம் பட்டு. இது 2005-06 இல் புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிகள் (உற்பத்திக்கான பொருட்கள் ஒதுக்கீடு) சட்டம், 1985, குறிப்பிட்ட சில சேலை வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கியுள்ளது. இருந்தும் விசைத்தறியில் நெய்து, வெள்ளி இல்லாத சரிகையிட்ட சேலைகள் இப்பெயரில் விற்கப்படுகின்றன. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் இணைத்து நெய்யும் கோர்வை முறைக்குப் பல நாள் உழைப்பு வேண்டும். விசைத்தறிச் சேலை மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். இரண்டும் ஒரே பெயரில் அடுத்தடுத்து அடுக்கப்படும்போது, நெசவாளர் தம் கூலியை உயர்த்திக் கேட்க வழியின்றிப் போகிறது.

பொறுப்பின் அளவு

மேற்கண்டவற்றிலிருந்து, வாங்குபவரின் பொறுப்பை மூன்று வினாக்களால் அளவிடலாம்.

* யார் ஏமாற்றப்படுகிறார்? வாங்குபவரே அறியாமல் ஏமாறினால் அவர் பாதிக்கப்பட்டவர். அறிந்து வாங்கினால் பங்காளி.
* யார் இழக்கிறார்? உலகெங்கும் கடை வைத்துள்ள நிறுவனம் ஒரு விற்பனையை இழப்பதும், ஒரு தறியின் அல்லது ஓர் ஏக்கரின் வருவாயை நம்பிய குடும்பம் இழப்பதும் ஒரே அளவினவல்ல.
* பெயர் நீடிக்குமா? ஆடம்பரச் சின்னத்தின் உரிமையாளரிடம் வழக்காடவும் விளம்பரம் செய்யவும் பணம் உண்டு. மலைச் சிற்றூரின் பெயரைக் காக்க வாங்குபவரின் கவனமும் வேண்டும்.

இவ்வளவீட்டின்படி நடைபாதைக் கைக்கடிகாரம் சிறிய தவறாகவும், தெரிந்தே வாங்கப்படும் "காஞ்சிபுரம்" விசைத்தறிச் சேலை பெரிய தவறாகவும் தோன்றும். பொதுவான எண்ணம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக உள்ளது. பன்னாட்டுச் சின்னத்தின் போலியைப் போலி என்று அழைக்கத் தயங்காதவர்கள், ஊர்ப்பெயரின் போலியை "மலிவாகக் கிடைத்தது" என்றே கூறுவர். கடமைசார் அறவியலாளர் இவ்வளவீட்டை ஏற்பதில்லை. பொய்ப்பெயர் யாருடையதாயினும் பொய்யே என்பது அவர்கள் நிலை.

வாங்குபவர் கவனிக்கத்தக்கவை

* "சில்க் மார்க்" முத்திரை (2004 முதல்) இழை தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. கையால் நெய்தது என்பதற்குக் "கைத்தறி முத்திரை" (2006 முதல்) தனியே உள்ளது.
* சேலையின் ஓரத்து இழை ஒன்றை எரித்தால், பட்டு தலைமுடி கருகும் மணத்துடன் பொடியும் சாம்பலாகும். பாலியெசுட்டர் உருகிக் கெட்டி மணியாகும். ரேயான் காகிதம்போல் எரியும்.
* புவிசார் குறியீடு பெற்ற பொருட்களின் விவரங்களையும் பதிவு பெற்ற பயனர்களையும் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் பதிவேட்டில் காணலாம். இந்தியா முழுமைக்கும் இதுவே பதிவகம்.
* பொருள் போலி எனப் பின்னர் அறிந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். இதற்கு விலைச்சீட்டு மிகவும் உதவும். சீட்டில் பொருளின் பெயரை ஊர்ப்பெயருடன் எழுதித் தருமாறு கேட்பது எளிய சோதனை. உண்மையாக விற்பவர் அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இவற்றையும் பார்க்க

* புவிசார் குறியீடு
* அறிவுசார் சொத்துரிமை
* நுகர்வோர் பாதுகாப்பு
* காஞ்சிபுரம் பட்டு
* ஒட்டன்சத்திரம்