703 ரூபாய்க்குச் சில்லறை

ஆடி பிறந்தால் மதுரைக்காரர்களுக்குக் குற்றாலம் ஞாபகம் வந்துவிடும். சின்ன வயசில் நாங்களும் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி, விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் எல்லாம் தாண்டி, தென்காசியில் இறங்கிப் போவோம். அருவிக்குக் கொஞ்ச தூரத்தில் வல்லம்னு ஒரு ஊர். அந்த ஊர்ப் பேரை ஒரு கணித வரலாற்றுக் குறிப்பில் பார்த்தபோது எனக்கு நாற்பது வயசு தாண்டியிருந்தது. 1901 ஏப்ரல் 5 அன்று அங்கே பிறந்தவர் எஸ்.எஸ். பிள்ளை, அதாவது சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. அவரைப் பற்றியதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் கணக்கு. அப்பா கீழவாசல் பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்தார். ராத்திரி சில்லறை எண்ணுவது என் வேலை. அதனால் எனக்கு இதைச் சில்லறையாகச் சொன்னால்தான் புரியும். ஒரு ஊரில் 1, 8, 27, 64 என்று கன எண்களில் மட்டும்தான் நாணயம் இருக்குன்னு வைத்துக்கொள்ளுங்கள். 23 ரூபாய் தரணும். 27 உதவாது. இரண்டு எட்டு, ஏழு ஒன்று. மொத்தம் 9 நாணயம். அதற்குக் குறைவாக முடியாது.

எவ்வளவு பெரிய தொகையானாலும் 9 கன நாணயங்கள் போதும் என்று 1770இல் இங்கிலாந்தின் எட்வர்ட் வாரிங் எழுதினார். நான்காம் அடுக்கு நாணயம் என்றால் 19 போதும், மற்ற அடுக்குகளுக்கும் இப்படி ஒரு எண் உண்டு என்றார். நிரூபணம் தரவில்லை. 1909இல் ஜெர்மனியின் ஹில்பெர்ட், ஒவ்வொரு அடுக்குக்கும் அப்படி ஒரு எண் கட்டாயம் உண்டு என்று நிரூபித்தார். ஆனால் அது எந்த எண் என்று அந்த நிரூபணம் சொல்லவில்லை.

இங்கே நம்ம ராமானுஜன் வருகிறார். எண் பிரிவினை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 4ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதமாகப் பிரிக்கலாம். 10ஐ 42 விதமாக. 200ஐப் பிரிக்கும் வழிகள் 3,97,299 கோடிக்கு மேல். இந்த எண்ணிக்கையைக் கணக்கிட ராமானுஜனும் ஹார்டியும் 1918இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். பிறகு ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதையே வாரிங்கின் கேள்விக்குத் திருப்பினார்கள். இன்று அதற்கு வட்ட முறை என்று பெயர்.

பிரிவினையில் கேட்பது 'எத்தனை வழி இருக்கு?' வாரிங் கேட்டது 'ஒரு வழியாவது இருக்கா?' வழிகளின் எண்ணிக்கை பூஜ்யத்தைவிடப் பெரியது என்று காட்டிவிட்டால், இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். எந்த வழி என்று காட்டக்கூட வேண்டாம்.

இனி பிள்ளை. ஒரு வயசில் அம்மாவை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் சமயத்தில் அப்பாவும் போய்விட்டார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர்தான் படிப்பு நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு. 1929இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெரிய அடுக்குகளுக்கான விடையை 1930களின் நடுவில் அமெரிக்காவின் டிக்சனும் இவரும் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டார்கள். ஆறாம் அடுக்குக்கான விடையைப் பிள்ளை 1940இல் வெளியிட்டார்: 73.

ஏன் 73? ஆறாம் அடுக்கு நாணயங்கள் 1, 64, 729. 703 ரூபாய்க்குச் சில்லறை கொடுங்கள். 729 உதவாது. பத்து 64, அதாவது 640. மீதி 63 ஒற்றை ரூபாய். ஆக 73 நாணயம். இது பெட்டிக்கடைக் கணக்கு, இரண்டு நிமிஷம் போதும்.

ஆனால் எந்த எண்ணுக்கும் 74வது நாணயம் தேவைப்படாது என்று எப்படிச் சொல்வது? எண்களுக்கோ முடிவே இல்லை. ரஷ்யாவின் வினோகிராதோவ் கூர்மைப்படுத்திய வட்ட முறை, மிகப் பெரிய எண்களைப் பார்த்துக்கொள்ளும். அந்த 'மிகப் பெரிய' என்கிற எல்லைக்குக் கீழே இருக்கும் அத்தனையையும் வேறு வழியில் முடிக்கணும். நடுவில் ஒரு எண்கூட விட்டுப்போகக் கூடாது. அடுக்கு சிறிதாகச் சிறிதாக இந்த இடைவெளியை அடைப்பது கஷ்டம். கணினி இல்லாத காலத்தில் பிள்ளை 6 வரை இறங்கி வந்தார். 5க்கான விடையான 37ஐ சீனாவின் சென் ஜிங்ருன் 1964இல் நிரூபித்தார். 4க்கு வாரிங் சொன்ன 19 சரிதான் என்று நிரூபணமானது 1986இல். அதைச் செய்த மூவரில் ஒருவர் ஆர். பாலசுப்பிரமணியன், பிற்பாடு சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். மற்ற இருவர் பிரான்சைச் சேர்ந்த தெசுயேவும் திரெசும்.

1950இல் பிள்ளைக்குப் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒரு வருஷத்துக்கு அழைப்பு வந்தது. அப்படியே ஹார்வர்டில் நடக்கும் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளலாம் என்று கிளம்பினார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் எகிப்துப் பாலைவனத்தில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். பிள்ளைக்கு வயசு 49. மாநாடு முந்தைய நாள்தான் தொடங்கியிருந்தது.

ராமானுஜன் என்றால் கும்பகோணம் என்று நம்ம பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். சொல்லட்டும், நல்லதுதான். அடுத்த தடவை குற்றாலம் போகும்போது, தென்காசி வந்ததும் வல்லத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரயிலில் பொழுது போக ஒரு கணக்கும் தருகிறேன்: நான்காம் அடுக்கு நாணயங்கள் 1, 16, 81. அவற்றை வைத்து 79 ரூபாய்க்குச் சில்லறை தரச் சொல்லுங்கள். எத்தனை நாணயம் வருதுன்னு பாருங்கள்.