ஒரு கிலோமீட்டர் சட்டம்

எங்கள் கோபர்கைரனே செக்டர் முனையில் இஸ்திரி போடும் அண்ணாச்சி, 2024 ஏப்ரலில் மகளின் பிறப்புச் சான்றிதழோடு வந்தார். "சார், ஆர்டிஇ ஃபாரம் கொஞ்சம் போட்டுக் குடுங்க."

போட உட்கார்ந்தால், பட்டியலில் அவர் ஆசைப்பட்ட இங்கிலீஷ் மீடியம் பள்ளியைக் காணோம்!

பழைய கதை கொஞ்சம். 2010 ஏப்ரல் 1 முதல் அமலான கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவுப்படி, தனியார் பள்ளிகள் (சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலாக) ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரவேண்டும். செலவை அரசு ஈடுகட்டும் (எப்போது என்று பள்ளிக்காரர்களைக் கேட்டால் பெருமூச்சுதான் வரும்).

2024 பிப்ரவரி 9-ல் மகாராஷ்டிரா அரசு விதியைத் திருத்தியது. ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால், தனியார் பள்ளிக்கு விலக்காம். மும்பை மாதிரி நெரிசலில் அப்படி ஒரு பள்ளி இல்லாத பேட்டை எத்தனை இருக்கும், சொல்லுங்கள்? கர்நாடகாவும் முன்பே இதைச் செய்து பார்த்ததுதான்.

வழக்குப் போட்டார்கள். மே 6-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அண்ணாச்சிக்கு மறுபடி ஃபாரம் போட்டோம். ஜூலை 19-ல் திருத்தமே ரத்து; சட்டம் கொடுத்ததை ஒரு விதியால் பிடுங்க முடியாதல்லவா? ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தீர்ப்புக்குப் பிறகே குலுக்கல் முடிவு வந்தது. பெயர் இருந்தது! ஆனால் பள்ளிகள் திறந்து ஒரு மாதம் தாண்டியிருந்தது. அதுவரை பிள்ளை மாநகராட்சிப் பள்ளியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"போகட்டும் சார், அதுக்குள்ள மராத்தி நல்லாப் பேசக் கத்துக்கிட்டா" என்றார் அண்ணாச்சி, என் சட்டையை மடித்துக்கொண்டே.