கல்லில் வெட்டிய காணி உறுதி

யான்புவில் வேலை செய்த எங்கட ஆக்களுக்குக் கடலும் எண்ணெய்க் குழாய்களும் நல்லாத் தெரியும். வடக்கே 300 கிலோமீற்றருக்கு மேல் போனால் வேறொரு உலகம். அல்-உலா தாண்டி, பழைய ஹெக்ரா. மதாயின் சாலிஹ் என்றும் சொல்லுவினம். எங்கும் மணற்கல் மலைகள். ஜபல் இத்லிப் மலையில் இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஒடுங்கிய ஒரு பிளவு, நண்பகலிலும் நிழல்.

2000 வருடங்களுக்கு முன் சாம்பிராணி வணிகம் செய்த நபாத்தியர் இங்கே 111 பெரிய கல்லறைகளைக் குடைந்தார்கள். மேலிருந்து கீழாகத்தான் செதுக்குவது. கஸ்ர் அல்-பரீத் என்ற தனிப்பாறையில் கீழ்ப்பகுதி முடியாமலே நிற்குது, பாருங்கோ. 2008 இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுரிமை ஆக்கியது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வாசலுக்கு மேலேயுள்ள எழுத்துகள்தான். சொந்தக்காரர் யார், வாரிசு யார், அரசரின் எத்தனையாம் ஆண்டு, செதுக்கிய கொத்தன் யார் என்று எல்லாம் இருக்கு. விற்கக்கூடாது, ஈடு வைக்கக்கூடாது. மீறினால் துஷாரா தெய்வத்துக்கும் அரசருக்கும் தண்டம். சிலது பெண்களின் பெயரில், எங்கட சீதன உறுதி மாதிரி!

106 இல் ரோமர் அந்த அரசையே விழுங்கிவிட்டார்கள். பெயர்கள் இன்னும் நிற்குது.

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா முதலில் தூக்கினது உறுதிப் பெட்டியை. ஹெக்ராவின் ஒரு கல்வெட்டில், இதன் பிரதி கோயிலில் இருக்கு என்றும் எழுதியிருக்கு. அம்மாவும் ஒரு பிரதியைக் கொழும்பில் சித்தியிட்டைக் குடுத்து வைச்சிருந்தா.