கேலோங்கும் கிண்ணமும்: 1994ஆம் ஆண்டு லீகா பெர்டானா பருவத்தை வரலாறாக எழுதுதல்

1994ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், ஷா ஆலம் விளையாட்டரங்கில் நடைபெற்ற மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் அணி பகாங் அணியை 4-0 என்னும் கோல் கணக்கில் வென்றது. அப்பாஸ் சாட் மூன்று கோல்களையும் அணித்தலைவர் ஃபாண்டி அகமது ஒரு கோலையும் அடித்தனர். அவ்வாண்டு முதன்முறையாக நடத்தப்பெற்ற லீகா பெர்டானா என்னும் லீக் போட்டியிலும் சிங்கப்பூரே வாகை சூடியிருந்தது. ஒரே பருவத்தில் லீக், கிண்ணம் ஆகிய இரண்டையும் வென்ற அவ்வணியைச் சிங்கப்பூர் மக்கள் இன்றளவும் 'கனவு அணி' என்றே அழைக்கின்றனர்.

மூன்று கோல் அடித்த அதே ஆட்டக்காரர், அடுத்த ஆண்டு சிங்கப்பூர் நீதிமன்றத்தில், ஆட்ட முடிவை முன்கூட்டி நிர்ணயிக்கும் சதியில் பங்குபெற்றார் என்னும் குற்றத்திற்காக 50,000 வெள்ளி தண்டம் விதிக்கப்பெற்றார். ஆட்டத் தடையும் தொடர்ந்தது. அவருடன் அப்பருவத்தில் விளையாடிய செக் நாட்டு ஆட்டக்காரர் மிக்கால் வானா அதே வகைக் குற்றச்சாட்டில் 1994இல் கைதாகி, பிணையில் இருந்தபோது நாட்டைவிட்டுத் தப்பினார். எல்லைக்கு வடக்கே மலேசியாவில் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பெற்றதாகவும், 58 பேர் இடைநீக்கம் பெற்றதாகவும், ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பெற்றதாகவும் பதிவுகள் கூறுகின்றன.

ஆக, ஒரு பருவத்திற்கு இருவகை ஆவணங்கள் நம்மிடம் உள்ளன. ஒன்று புள்ளிப்பட்டியல், மற்றொன்று விசாரணைப் பதிவு. விளையாட்டு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் முன்னதை உடலாகவும் பின்னதை அடிக்குறிப்பாகவும் கொள்கின்றனர். அவ்வாறு பிரித்தெழுதுவது இப்பருவத்தைப் பொறுத்தவரை பொருந்தாது என்பதே இவண் நாம் முன்வைக்கும் கருத்தாகும்.

பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலினர் வழங்கிய கிண்ணத்திற்காக 1921இல் தொடங்கிய போட்டியே பின்னாளில் மலேசியக் கிண்ணமாயிற்று. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. மாநிலமே அணி, அணியே மாநிலம் என்னும் அமைப்பு அன்று முதல் வேரூன்றியது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடான பின்னரும், இடையில் விலகியிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, அது ஒரு மாநில அணியைப் போலவே இக்கிண்ணத்திற்குப் போட்டியிட்டு வந்தது. அரசியல் வரைபடத்தில் பிரிந்தவை காற்பந்து வரைபடத்தில் மேலும் முப்பதாண்டுகள் ஒட்டியே இருந்தன. இதனை நம் வரலாற்றுப் பாடநூல்கள் கண்டுகொள்வதில்லை என்பது வருந்தத்தக்கது.

1989இல் ஈரடுக்கு பகுதித் தொழில்முறை லீக் அறிமுகமாயிற்று. அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் வந்தனர். புகையிலை நிறுவனமொன்றின் வணிகப்பெயர் போட்டியின் பெயரோடு இணைந்தது. 1994இல் ஈரடுக்கும் ஒன்றாக்கப்பெற்று, 16 அணிகள் கொண்ட தொழில்முறை லீக்காக லீகா பெர்டானா பிறந்தது. மலேசியாவின் 13 மாநிலங்கள், கோலாலம்பூர், சிங்கப்பூர், புருணை ஆகியவை அப்பதினாறு. இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆட்டம் தொழிலாயிற்றே தவிர, அதனை நடத்திய மாநிலச் சங்கங்கள் பழைய சங்கங்களாகவே இருந்தன. ஊதிய ஒப்பந்தம், கணக்குத் தணிக்கை, ஆட்டக்காரர் நலன் என ஒரு தொழிலுக்கு வேண்டிய ஏற்பாடுகள் தொழில்முறை என்னும் பெயருடன் சேர்ந்து வந்துவிடவில்லை. பணம் முன்னே வந்தது. அதனைக் காக்கும் அமைப்பு பின்னே வந்தது.

சிங்கப்பூரின் எழுச்சி அக்காலத்திற்கே உரிய கதை. 1993இல் அது இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அணி. அவ்வாண்டிலேயே மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தை எட்டிக் கெடாவிடம் 0-2 எனத் தோற்றது. புருணைக்கு எதிரான ஆட்டத்தில் வி. சுந்தரமூர்த்தி உடலைப் பின்னோக்கிச் சாய்த்து, தலைக்கு மேலாக உதைத்து அடித்த கோலும் 1993ஆம் ஆண்டிற்குரியதே. அதனை நேரில் கண்டோரைவிடக் கண்டதாகக் கூறுவோர் பல மடங்கு மிகுதி. ஃபாண்டி 1992இல் பகாங் அணியில் இருந்து லீக்கையும் கிண்ணத்தையும் வென்று, பின்னர்ச் சிங்கப்பூர் அணிக்குத் திரும்பியவர். டக்ளஸ் மூர் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற 1994இல் காலாங்கில் இருந்த தேசிய விளையாட்டரங்கம் வாரந்தோறும் நிரம்பியது. அங்கு எழுந்த பெருமுழக்கத்திற்குக் 'காலாங் கர்ஜனை' என்றே பெயர் வழங்கிற்று.

இனி, இக்கட்டுரைத் தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருவோம். கேலோங் என்பது மலாய்மொழிச் சொல். கரையோரக் கடலில் மரக்கால்கள் நட்டு, மீன் நுழைந்தால் மீளமுடியாதவாறு வலைவழி அமைக்கும் மீன்பிடிமேடையை அது குறிக்கும். ஆட்டமுடிவு முன்பே பேசி வைக்கப்பெற்றது என்பதற்கு இவ்விரு நாட்டு மக்களும், தமிழர் சீனர் மலாய்க்காரர் என்னும் வேறுபாடின்றி, இச்சொல்லையே ஆண்டனர். வழி திறந்திருப்பதுபோல் தோன்றும், ஆனால் முடிவு முன்பே கட்டப்பட்டது என்னும் பொருள் அதில் அடங்கியுள்ளது. கலைச்சொல்லாக்கம் செய்வோர் 'ஆட்ட நிர்ணயம்' என்பர். அச்சொல் சரியானதே, எனினும் ஒரு காலத்து மக்களின் ஐயத்தை அது சுமக்கவில்லை.

கேலோங் எவ்வாறு இயங்கிற்று என்பதை அறிந்தால்தான் புள்ளிப்பட்டியலின் எல்லை புலப்படும். சட்டவிரோதப் பந்தயக்காரர்கள் 'யார் வெல்வார்' என்று மட்டும் பந்தயம் கட்டுவதில்லை. வலுவான அணிக்கு எதிராக மெலிந்த அணிக்குக் கோல் சலுகை அளிப்பர். சான்றாக, ஒன்றரைக் கோல் சலுகை எனில், வலுவான அணி இரண்டு கோல் வேறுபாட்டில் வென்றால்தான் அதன்மீது பணம் கட்டியவர் வெல்வார். 1-0 என வென்றால் அவ்வணியின் ஆதரவாளர் கொண்டாடுவர். அதன்மீது பந்தயம் கட்டியவர் பணத்தை இழப்பர். இதன் விளைவு யாது? ஓர் அணி வென்றுகொண்டே ஏமாற்ற இயலும். முன்னிலையில் இருக்கும் அணியின் தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவர் கோல் வாய்ப்பைத் தவறவிட்டால் போதும்; அல்லது தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் தற்காப்பாளர் கடைசி நிமிடங்களில் ஓரடி தயங்கினால் போதும். புள்ளிப்பட்டியலில் வென்ற அணிக்கு உரிய புள்ளி சேர்ந்துவிடும். குற்றத்தின் சுவடு எதுவும் அதில் பதியாது.

இதனால் இரண்டு எதிரெதிரான முடிவுகளுக்கு இடமுண்டு. 'எல்லாம் பொய்' என்று முழுப் பருவத்தையும் தள்ளிவிடுதல் ஒன்று. 'குற்றம் செய்தோர் சிலர், பட்டியல் மெய்' என்று ஏற்றல் மற்றொன்று. இரண்டிற்கும் போதிய சான்று இல்லை. கனவு அணி லீக்கை வென்றதும் பகாங்கை நான்கு கோல்களால் வீழ்த்தியதும் நிகழ்ந்தவை. எந்த ஆட்டத்தில் எந்தக் கோல் விலைபோயிற்று என்று பட்டியலைப் பார்த்துக் கூற இயலாது. கனடிய ஆய்வாளர் டெக்லன் ஹில், ஆட்ட நிர்ணயம் பற்றி 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வட்டார லீக்கையும் கருத்திற்கொண்டார். அவர்தம் அணுகுமுறையில் நாம் கற்கத்தக்கது, கோல் கணக்கைவிட அதன் பின்னிருந்த உறவுகளுக்கும் ஊதியத்திற்கும் அவர் தரும் முதன்மையாகும்.

ஆவணங்களின் தன்மையில் இரு நாடுகளும் வேறுபடுவதை இங்குச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு விசாரித்து, வழக்குகள் நீதிமன்றம் சென்றன. அங்குக் குற்றச்சாட்டு, சாட்சியம், எதிர்வாதம், தீர்ப்பு என அனைத்தும் பெயரோடு பதிவாயின. மலேசியாவில் பெரும்பாலும் காற்பந்துச் சங்கத்தின் இடைநீக்கம், நீக்கம் ஆகியவை வழியாகவும், சிலரைத் தம் ஊரைவிட்டு வேறு மாவட்டத்தில் தங்குமாறு பணிக்கும் நிர்வாக ஆணைகள் வழியாகவும் நடவடிக்கை அமைந்தது. அத்தகைய ஆணைகளுக்கு இடமளித்த 1933ஆம் ஆண்டு குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2011இல் நீக்கப்பெற்றது. திறந்த நீதிமன்றத்தில் சான்று சோதிக்கப்பெறாத நிலையில், வரலாற்றுக்கு எஞ்சியவை மேற்கூறிய 126, 58, 21 என்னும் எண்களே.

எனவே, சிங்கப்பூர்ப் பகுதியின் வரலாறு பெயர்களின் வரலாறாகவும், மலேசியப் பகுதியின் வரலாறு எண்களின் வரலாறாகவும் நிற்கின்றன. இவ்வேறுபாட்டை மறந்து எழுதினால் ஓர் அநீதி நேரும். பெயர் தெரிந்த ஒருவர்மீது முழுப் பருவத்தின் பழியும் ஏறிவிடும். எண்ணுக்குள் அடங்கிய பலர் மறைந்துவிடுவர். மறுபுறம், அவ்வெண்களுக்குள் குற்றமற்றோரும் இருந்திருக்கக்கூடும். தம்மைத் தற்காக்க ஒரு மேடையும் கிட்டாமல், தாம் ஆடிய ஊரிலேயே 'கேலோங் ஆட்டக்காரர்' என்னும் பெயரைச் சுமந்து வாழ்ந்தோரின் நிலையை எந்தப் பட்டியலும் கூறாது. நம் சமூகத்திலும் கோப்பிக்கடைகளில் அத்தகைய பெயர்ப்பட்டியல்கள் பல்லாண்டுகள் உலவின. அவற்றைச் சான்றாகக் கொள்வது ஆய்வாளர் செய்யத் தகாத செயல். அவை உலவின என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளலாம்.

அந்த இறுதியாட்டத்தை நாம் ஜொகூர் பாருவில் ஒரு கோப்பிக்கடைத் தொலைக்காட்சியில் கண்டோம். அப்போது இடைநிலைப்பள்ளி மாணவப் பருவம். மூன்றாவது கோல் விழுந்ததும் கடையில் பாதிப் பேர் எழுந்து ஆர்ப்பரித்தனர். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர், தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்தவர், எழவில்லை. நம்மைப் பார்த்து, "தம்பி, இது கேலோங்கு இல்லதானே?" என்று மெல்லக் கேட்டார். நாம் விடைகூற அறிந்திலோம். அவர் ஆட்டம் முடியும்வரை இருந்தார். ஆனால் பின்னர் எந்த ஆட்டத்திற்கும் அக்கடையில் அவரைக் கண்டதாக நினைவில்லை. தனியொரு நினைவை வரலாறாக்குவது பிழையெனினும், 1994க்குப் பின் மலேசிய அரங்குகளில் கூட்டம் சரிந்ததைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் வினாவே முதலில் நம் செவியில் ஒலிக்கிறது. தன் அணி வெல்கையிலும் மகிழ அஞ்சும் பார்வையாளன் தோன்றியதே இப்பருவத்தின் மையநிகழ்வு என நாம் கருதுகிறோம்.

1995 பிப்ரவரியில் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகிற்று. நுழைவுச்சீட்டு வருவாயைப் பகிர்வதில் மலேசியக் காற்பந்துச் சங்கத்தோடு எழுந்த பிணக்கே அதற்குக் கூறப்பட்ட காரணம். ஊழல் விவகாரமே உண்மைக் காரணம் என்று பலர் எளிதாக எழுதிவிடுகின்றனர். நாம் அவ்வளவு உறுதியாகக் கூறத் துணியோம். வருவாய்ப் பிணக்கும் சிறிய செய்தியன்று. காலாங்கில் திரண்ட கூட்டமே லீக்கின் பெருவருவாய்களுள் ஒன்று. அப்பணம் யாருக்குரியது என்னும் வினா, சிங்கப்பூர் ஒரு மாநில அணியா, அயல்நாட்டு அணியா என்னும் முப்பதாண்டு வினாவின் மறுவடிவமே. ஊழல் அவ்வினாவை விரைவுபடுத்தியிருக்கலாம்.

1995ஆம் ஆண்டு லீகா பெர்டானா 15 அணிகளோடு நடந்து பகாங் வாகை சூடிற்று. சிங்கப்பூர் 1996இல் எட்டு கழகங்களைக் கொண்டு எஸ். லீக் என்னும் தொழில்முறை லீக்கைத் தொடங்கிற்று. முதலாண்டில் கேலாங் யுனைடெட் வென்றது. ஆனால் மாநிலத்தை எதிர்த்து நின்ற ஒரு நகரத்தின் பற்றினை, கேலாங், தெம்பனிஸ், உட்லண்ட்ஸ் என வட்டாரங்களாகப் பிரித்துப் பங்கிடுவது எளிதாக இல்லை. 1999இல் சிங்கப்பூரில் காற்பந்துப் பந்தயம் சட்டபூர்வமாயிற்று என்பதும் இவ்வரலாற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. அரசு தடுக்க முயன்ற பழக்கத்தை இனி அரசே கண்காணித்து நடத்தத் தலைப்பட்டது.

2012இல் லயன்ஸ் XII என்னும் பெயரில் ஒரு சிங்கப்பூர் அணி மீண்டும் மலேசிய லீக்கிற்கு வந்து 2015 வரை ஆடியது. 2013இல் அது மலேசிய சூப்பர் லீக்கை வென்றபோது பயிற்றுநராக இருந்தவர், 1993இல் புருணைக்கு எதிராக அக்கோலை அடித்த சுந்தரமூர்த்தியே. அவ்வெற்றியைக் கொண்டாடியோருள் பலர் 1994ஆம் ஆண்டில் பிறந்திராதவர்கள்.

காலாங்கின் பழைய தேசிய விளையாட்டரங்கம் 2007இல் மூடப்பெற்றுப் பின்னர் இடிக்கப்பெற்றது. ஷா ஆலம் அரங்கை இடிக்கும் பணி 2024இல் தொடங்கிற்று. 1924இல் தொடங்கி அக்காலப் போட்டிச் செய்திகளையும் வெளியிட்டுவந்த தமிழ் நேசன் நாளேடு 2019இல் நின்றுபோயிற்று. எஞ்சியிருப்போர் அப்பருவத்தில் ஆடியவர்களும், நடுவர்களும், நுழைவுச்சீட்டு வாங்கி வரிசையில் நின்றவர்களும் ஆவர்; அவர்களுள் பலர் அறுபதை நெருங்கிவிட்டனர் அல்லது கடந்துவிட்டனர். மாணவர்க்கு வாய்மொழி வரலாற்றுப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள் இப்பருவத்தை எடுத்துக்கொள்ளலாம். யார் பணம் வாங்கினார் என்று வினவத் தொடங்கினால் பதில் கிட்டாது, கிட்டினாலும் பயன்படாது. அரங்கிற்குச் செல்வதை எப்போது நிறுத்தினீர்கள், எந்த ஆட்டத்திற்குப் பிறகு என்று கேட்டால், பலர் நாளும் இடமும் சொல்வர்.