கூவியரின் உறக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டில் பான்கேக். மைதா, பால், முட்டை, கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர். கல்லில் ஊற்றித் தேய்க்காமல் விட்டால் தானாக வட்டமாகிவிடும். மேலே குமிழிகள் வெடித்ததும் திருப்பிப் போட வேண்டும். மகளுக்குத் தேன், மகனுக்கு வாழைப்பழம். சில வாரம் கூடவே குக்கரில் ஒரு கேக்கும் வேகும். குமணன்சாவடியில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு அப்பால் பூந்தமல்லி நெடுஞ்சாலை அப்போதுதான் இரைய ஆரம்பித்திருக்கும்.

அப்படி ஒரு ஞாயிறு, என் அம்மா வந்து கல்லை எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது? வெல்ல தோசைல முட்டைய ஊத்தி வெச்சிருக்க. இதுக்கா லீவு நாள்ல அஞ்சு மணிக்கே எழுந்த?"

சிரித்து வைத்தேன். கேள்வி மட்டும் போகவில்லை. வாரம் ஆறு நாளும் கல்லூரிக்கு ஓடுகிறவள், ஏழாம் நாளும் ஐந்து மணிக்கு ஏன் எழுந்தேன்? யாரும் என்னை எழுப்பவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. தமிழ் படித்தவள் என்பதால் பதிலைப் பழைய நூல்களில் தேடத் தொடங்கினேன்.

முதலில் கிடைத்தது பான்கேக்தான். பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குப் போகும் வழியிலுள்ள ஒரு சோலையில் பூக்கள் நீரில் உதிர்ந்து கிடக்கின்றன. அதற்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லும் உவமை சமையலறையிலிருந்து வருகிறது: கூவியர் கரிய அகலில் பாகு சேர்த்துச் செய்த வட்டமான பண்டம் பாலில் கிடப்பதுபோல. அகல், பாகு, வட்டம், பால். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் இதற்குமேல் என்ன இருக்கிறது? கூவியர் என்றால் அப்பம் சுட்டு விற்பவர்கள் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள்.

அதே கூவியரை மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நள்ளிரவில் காட்டுகிறார். தேன்கூட்டைப் போல வரிவரியான மெல்லிய அடையும் மோதகமும் விற்றவர்கள், கடைத்தெரு அடங்கிய பிறகு, இருந்த இடத்திலேயே தூங்கி வழிகிறார்கள். அடையின் அழகைப் பாடிய புலவருக்கு, அதைச் சுட்டவரின் தூக்கமும் கண்ணில் பட்டிருக்கிறது.

வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவிகளிடம் ஒன்று கேட்பேன்: கூவியர் ஆணா, பெண்ணா? சொல் பலர்பால். இரண்டுக்கும் பொது. சிலப்பதிகாரத்தின் புகார் வீதியில் கூவியருக்கு அருகிலேயே கள் விற்கும் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மட்டும் 'ஆட்டியர்' என்ற பெண்பால் சொல்லை இளங்கோ தருகிறார். அப்பம் சுட்டவர் யார் என்று இலக்கணம் சொல்லவில்லை. நம் தெருமுனையில் ஆப்பச்சட்டி வைத்திருக்கும் அக்காவைப் பார்த்தால் விடையை ஊகிக்கலாம். ஊகம் சான்று ஆகாது என்பதையும் மாணவிகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

பெயரோடு நமக்குக் கிடைக்கும் காலை உணவுக்காரி வந்தி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி. வைகை கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அடைக்க வேண்டும் என்பது அரச கட்டளை. ஆள் இல்லாத வந்திக்கும் அதே பங்கு. கூலியாளாக வரும் சிவன் உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கேட்கிறார். அன்றைக்கென்று பிட்டெல்லாம் உதிர்ந்துபோகிறது. மதுரையில் ஆவணி மாதம் இன்றும் இதற்குத் திருவிழா உண்டு. பக்தி கதையாகவே இதைக் கேட்டு வளர்ந்தோம். நான் இப்போது கணக்காகவும் வாசிக்கிறேன். ஒரு தனிப்பெண்ணின் ஒருநாள் வருமானம் முழுவதும் அரசு வேலைக்குப் போயிற்று. அவளுக்குச் சிவலோகம் கிடைத்தது. வரிவிலக்கு கிடைக்கவில்லை.

கல்லும் கரண்டியும் கௌரவம் தரும் இடங்களில் மட்டும் ஆள் மாறிவிடும். கோயில் மடைப்பள்ளியில் ஆண்கள். ஓட்டலில் தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர். அங்கே பின்கட்டில் வெங்காயம் உரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெண்கள். ஒரே தோசைக்கு ஓட்டலில் சம்பளம் உண்டு, வீட்டில் "அம்மா கைமணம்" என்ற பாராட்டு உண்டு.

அம்மாவின் கைக்கு மணம் மட்டும் இருக்கவில்லை. அவள் சின்ன வயதில் இட்லி என்பது தீபாவளிக்கு, அமாவாசைக்கு, மாப்பிள்ளை வந்தால். மற்ற நாள் காலையில் கூழ் அல்லது பழைய சோறு. இரவு வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் வேலை முடிந்தது. காலையில் உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் போதும். வறுமையின் உணவு என்று அதைச் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் நம் காலை உணவுகளில் பெண்ணைத் தூங்கவிட்ட உணவும் அதுதான் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் அப்பா மாதச் சம்பளக்காரர். தினமும் டிபன் வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு ஆட்டுக்கல் முன்னால் உட்காருவாள். ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். எட்டுப் பேருக்கு அரைக்க இரண்டு மணி நேரம். இன்று அவளால் வலது கையைத் தூக்கித் தலைவாரிக்கொள்ள முடியாது.

கோயம்புத்தூரில் 1955-இல் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். எங்கள் வீட்டுக்கு அது வர மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. வந்த நாளில் அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள். ஆட்டுக்கல் கொல்லைப்புறம் போனது. அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அரைப்பது சுலபம் என்று ஆனதும் இட்லி தினமும் வந்தது. இட்லியோடு இரண்டு சட்னி வந்தது. ஒருவருக்கு இட்லி, ஒருவருக்கு ஊத்தப்பம், ராத்திரிக்கும் தோசை. விருந்து, கடமையாகிவிட்டது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியான தன் நூலில் அந்நாட்டு அடுப்படி பற்றி இதையே சொல்கிறார். ஆலையில் அரைத்த வெள்ளை மாவு வந்ததும், தானியத்தைத் தூக்கிக்கொண்டு போய் அரைத்துவரும் ஆண்களின் வேலை ஒழிந்தது. பெண்ணுக்கோ எளிய சோள ரொட்டி போய், புளிக்கவைத்த ரொட்டியும் கேக்கும் செய்யும் வேலை வந்து சேர்ந்தது. இயந்திரம் கைவலியைக் குறைத்தது. கூடவே எதிர்பார்ப்பை உயர்த்தியது. என் பேக்கிங் பவுடர் டப்பாவும் ஆட்டுக்கல்லின் பேத்திதான் என்று எனக்குப் பட்டது.

தமிழக அரசின் அண்மை வரலாற்றிலும் காலை அடுப்பு இருக்கிறது. மூன்று முறையும் தேதி ஒன்றே, அண்ணா பிறந்த செப்டம்பர் 15. 2011-இல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. 2022-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில், 1,545 அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கியது. 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. முதலில் கருவி, அடுத்து பொறுப்பில் பங்கு, பிறகு பணம். மூன்றையும் நான் மதிக்கிறேன். பள்ளியில் பிள்ளை பொங்கல் சாப்பிட்டதால் ஒருமணி நேரம் முன்னதாக வேலைக்குப் போக முடிந்த பெண்களை எனக்குத் தெரியும். 'உதவி' என்னாமல் 'உரிமை' என்று பெயர் வைத்ததும் சாதாரண விஷயமல்ல. ஆனால் பள்ளியில் அந்தப் பொங்கலைக் கிண்டுவதும் சுய உதவிக் குழுப் பெண்களே. அவர்கள் தங்கள் வீட்டு அடுப்பை எத்தனை மணிக்கு மூட்டுகிறார்கள்? 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88. கருவியும் பணமும் வீட்டுக்குள் வந்துவிட்டன. அந்த நிமிடங்கள் இன்னும் கை மாறவில்லை.

ஆகவே அம்மாவின் கேள்விக்கு என் பதில் இது. நல்ல தாய் என்பதற்கு நான் கொடுத்த சான்றிதழ் அந்த பான்கேக். வாரம் முழுவதும் வீட்டில் இல்லாததற்கு அபராதமாக, வந்தியைப்போல் என் பங்கு மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் அதைக் கேட்ட அரசன் எனக்குள்ளேயே இருந்தான். சமைப்பதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொல்லமாட்டேன். குமிழி வெடிக்கும் அந்தக் கணம் எனக்குப் பிடிக்கும். பத்து மணிக்கும் அது பிடிக்கும்.

போன சனிக்கிழமை இரவு சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தேன். "பான்கேக் வேணும்னா பத்து மணிக்கு நீங்களே பண்ணிக்கோங்க, எப்படின்னு சொல்றேன்" என்று பிள்ளைகளிடமும் அவர்கள் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். மகன் ஊற்றியது வட்டமாக வரவில்லை. அவன் அப்பா ஒன்றைக் கருக்கினார். இரண்டையும் தேன் விட்டுச் சாப்பிட்டோம்.

அன்று நான் ஏழு மணிக்கு எழுந்தேன். அம்மாவும் அதுவரை படுக்கையில்தான் இருந்தாள். "நல்லா தூங்கினியாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க தூங்கறது? அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துடுச்சு. செய்ய வேலை ஒண்ணும் இல்லையேன்னு சும்மா படுத்துக்கினு இருந்தேன்" என்றாள்.